அடைக்கலமாக வந்த வாள்

தண்டகாரண்யத்தில் ஸ்ரீராமர் வில்லேந்தி நடந்துகொண்டிருந்தபோது, சீதாதேவி அவரிடம் ஒரு பழங்கதையைக் கூறினாள். வால்மீகி ராமாயணத்தின் ஆரண்ய காண்டத்தில் வரும் கதை அது.

மான்களும் பறவைகளும் மகிழ்ந்து திரிந்த ஒரு புண்ணிய வனத்தில் சத்தியம் தவறாத தவசி ஒருவர் வாழ்ந்து வந்தார். அவரது தவத்தைக் குலைக்க எண்ணிய இந்திரன் போர்வீரனின் வேடத்தில் வந்து, தன் கையிலிருந்த சிறந்த வாளை அவரிடம் அடைக்கலமாக வைத்துச் சென்றான். பிறர் ஒப்படைத்த பொருளைப் பழுதின்றிக் காப்பது தர்மம் அல்லவா? தவசியும் அந்த வாளைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார். கிழங்கும் கனியும் தேடிச் செல்லும்போதுகூட அதை விட்டுப் பிரியவில்லை. ஓயாமல் ஆயுதத்தைச் சுமந்து திரிந்ததால் அவரது மனம் சிறிது சிறிதாகக் கடுமை அடைந்தது. தவத்தில் இருந்த உறுதி நழுவியது. கொடுஞ்செயலில் நாட்டம் பிறந்தது. முடிவில் அவர் நரகம் எய்தினார்.

இக்கதையில் சிந்திக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. தவசி அந்த வாளை விரும்பிப் பெறவில்லை, விலைகொடுத்து வாங்கவுமில்லை. அவரது வீழ்ச்சி ஒரு நற்செயலில் தொடங்கியது. பிறர் பொருளைக் காக்கிறோம் என்ற தூய எண்ணமே அவரை அந்த வாளோடு பிணைத்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல நாடுகளுக்கும் சிதறிப்போன ஜப்பானிய ராணுவ வாள்களைச் சேகரிப்போர் முன் இன்று இதே கேள்வி நிற்கிறது. சேகரிப்பவர்களில் பொறுப்புணர்ந்தோர் பலர், "இவற்றுக்கு நாங்கள் உரிமையாளர்கள் அல்லர், அடுத்த தலைமுறைவரை காத்து நிற்கும் காவலர்கள் மட்டுமே" என்று கூறுவதுண்டு. அழகிய சொல்தான். ஆனால் அந்தத் தவசியும் காவலராகவே இருந்தார். காவல் எந்த இடத்தில் பற்றாக மாறுகிறது? உயிர் பறித்த கருவியை ஒருவர் களங்கமின்றித் தம் இல்லத்தில் வைத்திருக்க இயலுமா?

கைமாறிய வாள்கள்

ஜப்பானில் வாள் என்பது நெடுங்காலம் சாமுராய் குலத்தாரின் அடையாளமாக விளங்கியது. 1876-இல் மெய்ஜி அரசு பிறப்பித்த ஆணை, ராணுவத்தினர், காவலர் முதலியோர் தவிர மற்றவர்கள் பொது இடங்களில் வாள் அணிவதைத் தடை செய்தது. நாடு விரைந்து நவீனமாயிற்று. 1893 ஜூலையில் சிகாகோ செல்லும் வழியில் ஜப்பானைக் கண்ட சுவாமி விவேகானந்தர், யோகஹாமாவிலிருந்து சென்னை அன்பர்களுக்கு எழுதிய கடிதத்தில் அம்மக்களின் தூய்மையை வியந்து போற்றினார். அவர்களது படை நவீன ஆயுதங்களோடு வளர்ந்து வருவதையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை.

அந்தப் படையின் அதிகாரிகள் முதலில் மேனாட்டு முறையில் அமைந்த கைப்பிடி கொண்ட வாள்களையே அணிந்தனர். தேசிய உணர்ச்சி ஓங்கிய 1930-களில் பழைய சாமுராய் வாளின் தோற்றத்தைத் தழுவி 1934-இல் புதிய ராணுவ வாள் அறிமுகமாயிற்று. அதிகாரிகள் தங்கள் வாளைத் தாங்களே விலைகொடுத்து வாங்கினர். கீழ்நிலைப் படைத்தலைவர்களுக்கு அரசு வழங்கிய வாள்கள் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, அலகில் வரிசை எண் பொறிக்கப்பட்டவை. டோக்கியோவின் யாசுகுனி ஆலய வளாகத்தில் 1933-இல் ஒரு வாள் பட்டறை நிறுவப்பட்டது. போர் முடியும்வரை அங்குச் சுமார் 8,000 வாள்கள் மரபு முறையில் அடித்து உருவாக்கப்பட்டன.

1945-இல் ஜப்பான் சரணடைந்தது. தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைவராக இருந்த மவுண்ட்பேட்டன், ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் வாள்களைத் தம் வீரர்களின் கண்முன்னே ஒப்படைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். வாளை இழப்பதே தோல்வியை மனத்தில் பதியச் செய்யும் என்பது அவரது கருத்து. அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் சைகோனில் தளபதி தெரவுச்சி தம் இரு வாள்களை அவரிடம் ஒப்படைத்தார். இவ்வாறு பெறப்பட்ட வாள்கள் வெற்றிச் சின்னங்களாக அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா என்று பல நாடுகளுக்கும் சென்றன.

ஒப்படைக்கப்பட்ட வாள்கள் சிலவற்றின் கைப்பிடியில் மரத்தாலோ துணியாலோ ஆன சிறு சீட்டு ஒன்று கட்டப்பட்டிருந்தது. அதில் வாளுக்கு உரியவரின் பெயரும் பதவியும் ஊர் முகவரியும் மையால் எழுதப்பட்டிருந்தன. என்றேனும் ஒருநாள் அது தம்மிடம் திரும்பி வரும் என்ற நம்பிக்கையே அந்த முகவரியை எழுதச் செய்திருக்க வேண்டும். ஆயுதமாகப் புறப்பட்ட வாள், அந்தச் சீட்டைக் கட்டிய கணத்தில் அடைக்கலப் பொருளாயிற்று. பெற்றுக்கொண்ட வீரருக்கோ அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாது.

உறையும் உள்ளிருப்பதும்

இவ்வாள்களைச் சேகரிப்பது வெறும் பொழுதுபோக்கன்று. பொறுமையும் கல்வியும் வேண்டும் ஒரு பயிற்சி. புறத்தோற்றத்தில் இரண்டு வாள்கள் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே காக்கி நிறப் பூச்சு, ஒரே வடிவான கைக்காப்பு. ஆனால் ஒன்றின் உள்ளே போர்க்காலத்தில் அவசரமாகச் செய்த எஃகுத் தகடு இருக்கலாம். மற்றொன்றின் உள்ளே பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு கொல்லர் தவம்போல் அடித்து உருவாக்கிய குலச்சொத்து இருக்கலாம். பழைய குடும்பத்து அதிகாரிகள் சிலர் முன்னோரின் அலகை ராணுவ உறையில் பொருத்தி எடுத்துச் சென்றனர்.

உண்மையை அறிய வேண்டுமானால் கைப்பிடியில் செருகியுள்ள சிறு மூங்கில் ஆணியைக் கழற்ற வேண்டும். அப்போது அலகின் அடித்தண்டு வெளிப்படும். அலகு கண்ணாடிபோல் ஒளிவிட, அடித்தண்டு மட்டும் கருத்துத் துருவேறிக் கிடக்கும். கொல்லரின் பெயர் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். வாளின் வயதைச் சொல்வதும் அந்தத் துருவே. அதைத் தேய்த்து அகற்றக் கூடாது என்பது இத்துறையின் முதல் விதி. அறியாதவர் அதைப் பளபளப்பாக்கினால் ஒருசில நிமிடங்களில் பல நூற்றாண்டுகளின் சாட்சி அழிந்துபோகும்.

இப்பயிற்சியில் உயர்ந்த அம்சங்கள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆசை நுழையும் வாயில்களும் இங்கே பல. வாளின் எண்ணும் உறையின் எண்ணும் ஒன்றாக இருந்தால் விலை உயரும். புகழ்பெற்ற கொல்லரின் பெயர் இருந்தால் மேலும் உயரும். ஆகவே போலிப் பெயர்களைப் பொறிப்போரும் உண்டு. பத்து வாள்கள் உள்ளவருக்குப் பதினோராவது வாள் இல்லாததே கண்ணில் நிற்கும். பொருளை அறியத் தொடங்கிய மனம் பொருளை எண்ணத் தொடங்கிவிடுகிறது.

இரும்புக்குப் பாவம் உண்டா?

"இரும்புக்குப் பாவம் ஏது? பாவம் கையைச் சேர்ந்தது. வாளின் அழகை அழகாகவே காண வேண்டும்" என்று வாதிடுவோர் உண்டு. இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. சடப்பொருளுக்குக் கர்மம் இல்லை. ஆனால் சடப்பொருளைக் காணும் மனத்துக்குக் கர்மம் உண்டு. அது எதைக் காண விரும்புகிறது, எதை மறக்க விரும்புகிறது என்பதில் பொறுப்பு உண்டு.

1943 அக்டோபர் 24-ஆம் நாள் நியூகினியின் ஐடாப்பே கடற்கரையில் லியோனர்ட் சிஃப்லீட் என்ற ஆஸ்திரேலிய சார்ஜென்ட், கைதியாக இருந்த நிலையில் வாளால் கொல்லப்பட்டார். கண்கள் கட்டப்பட்டு அவர் மண்டியிட்டிருக்க, அதிகாரி ஒருவர் வாளை ஓங்கி நிற்கும் காட்சி புகைப்படமாக எடுக்கப்பட்டது. மறு ஆண்டு அமெரிக்கப் படையினர் அந்தப் படத்தைக் கண்டெடுத்தனர். அதில் ஓங்கப்பட்டிருப்பது சேகரிப்பாளர்கள் பட்டுத்துணி விரித்து வைத்துப் பார்க்கும் அதே வகை வாள்தான்.

தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் இந்த வாள் அயல்நாட்டுக் கலைப்பொருள் மட்டுமன்று. 1942-இல் தொடங்கிய சயாம்–பர்மா ரயில்பாதைப் பணிக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டனர். பசியும் காலராவும் அடியும் அவர்களைக் கொன்றன. அப்பாதையை நடத்திய படையின் அதிகாரிகள் இடுப்பில் அணிந்திருந்த அதிகாரச் சின்னம் இந்த வாளே. ஆகவே ஒரு வாளின் அழகை வியப்பவர், அது எவர் முன்னிலையில் அச்சத்தின் வடிவமாக நின்றது என்பதையும் கூடவே நினைக்கக் கடமைப்பட்டவர். அழகு மட்டும் போதும், வரலாறு வேண்டாம் என்பவர் அடித்தண்டின் துருவைத் தேய்த்து அழிப்பவரை ஒத்தவர்.

வென்றவரின் செருக்கும் இதே பிழையின் மறுபக்கம். எதிரியின் வாளைச் சுவரில் தொங்கவிட்டு மகிழும் மனம், எதிரியும் ஒரு தாயின் மகன் என்பதை மறக்கிறது. கோஹிமாவின் போர்க் கல்லறையில் 1,420 சமாதிகள் உள்ளன. தகனம் செய்யப்பட்ட 917 ஹிந்து, சீக்கிய வீரர்களின் பெயர்களும் அங்கே நினைவுகூரப்படுகின்றன. 1944-இல் அவர்களோடு போரிட்டு, பசியாலும் நோயாலும் அந்த மலைகளில் மடிந்த ஜப்பானிய வீரர்களும் ஆயிரக்கணக்கானோர். மணிப்பூரில் இம்பால் அருகே செங்குன்றின் அடிவாரத்தில் 2019-இல் திறக்கப்பட்ட அமைதி அருங்காட்சியகம், அந்தப் போரை வெற்றியாகவும் தோல்வியாகவும் அன்றி, எல்லோருக்கும் நேர்ந்த துயரமாகக் காண அழைக்கிறது.

அழித்துவிடுவது தீர்வாகுமா?

அப்படியானால் இவ்வாள்களை எல்லாம் உருக்கிவிடுவதுதானே முறை என்று தோன்றலாம். 1945-இல் ஜப்பானை நிர்வகிக்க வந்த நேச நாட்டுப் படையினர் ஏறக்குறைய அதையே செய்ய முற்பட்டனர். வீடுகளில் இருந்த வாள்களும் பறிமுதல் செய்யப்பட்டன. லட்சக்கணக்கானவை அழிந்தன. மாசாமுனே என்ற மாபெரும் கொல்லர் உருவாக்கியதாகப் போற்றப்பட்டு, 1939-இல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டிருந்த ஹோன்ஜோ மாசாமுனே வாளைத் தோகுகாவா குடும்பத்தார் சட்டத்துக்குப் பணிந்து காவல் நிலையத்தில் ஒப்படைத்தனர். 1946 ஜனவரியில் அங்கிருந்து எடுத்துச் செல்லப்பட்ட அந்த வாள் இன்றுவரை கிடைக்கவில்லை. பல தலைமுறைகள் அறிந்து காத்த ஒரு பொருள், அறியாத கைகளில் விழுந்து மறைந்தது.

ஹோன்மா ஜுன்ஜி முதலிய அறிஞர்கள் எடுத்துரைத்ததன் பயனாக, கலைமதிப்புள்ள வாள்கள் அழிவினின்று விலக்கப்பட்டன. டோக்கியோவின் அகாபானேயில் குவிக்கப்பட்டிருந்த வாள்களிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை தேர்ந்தெடுத்துக் காக்கப்பட்டன. 1948-இல் கலை வாள்களைப் பாதுகாக்க ஒரு சங்கமும் தோன்றியது.

இன்றும் ஜப்பானில் கலைப்பொருள் என்று பரிசோதித்துப் பதிவு செய்யப்பட்ட வாளை மட்டுமே ஒருவர் வைத்திருக்கலாம். தொழிற்சாலையில் செய்த ராணுவ வாளுக்குப் பதிவு கிடைக்காது. அது அழிக்கப்பட வேண்டியதே. இதனால் ஒரு விந்தை நிகழ்கிறது. அந்த எளிய வாள்கள் பிறந்த மண்ணில் வாழ முடியாமல், முன்னாள் எதிரிகளின் நாடுகளிலேயே எஞ்சியிருக்கின்றன. சீட்டில் உள்ள முகவரியைத் தேடிக் கண்டுபிடித்து, நல்லெண்ணத்தோடு அத்தகைய வாளை அனுப்பி வைத்தாலும், அது உரியவரின் வீட்டை அடையாமல் அழிவையே அடையக்கூடும். திருப்பிக் கொடுப்பது என்ற நற்செயலுக்கும் விவேகம் துணைநிற்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

தத்துவத்துக்கும் நேரும் ஆபத்து

ஆன்மிக நாட்டம் உடையோர் இங்கே சற்று நின்று தம்மையே பார்த்துக்கொள்வது நல்லது. வாளின் வரலாற்றில் சமயத்துக்கும் பங்கு உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் தகுவான் என்ற ஜென் துறவி, ஷோகுனின் வாள் ஆசானாகிய யாக்யு முனெநோரிக்கு அரிய உபதேசங்களை எழுதியனுப்பினார். மனம் எதிலும் நின்றுவிடக் கூடாது. எதிரியின் வாளிலும் நிற்கக் கூடாது, தன் வாளிலும் நிற்கக் கூடாது. எங்கே நிற்கிறதோ அங்கே அது கட்டுண்டுவிடுகிறது என்பது அவற்றின் சாரம். முனெநோரியும் உயிர் பறிக்கும் வாள், உயிர் அளிக்கும் வாள் என்று இரண்டைப் பிரித்துப் பேசினார்.

இத்தகைய உயர்ந்த போதனையே 1930-களிலும் 1940-களிலும் படையெடுப்புக்குத் துணையாக நிறுத்தப்பட்டது. 'நான்' இல்லை, கொல்பவனும் இல்லை, கொல்லப்படுபவனும் இல்லை என்ற சொற்கள், அகந்தையை அறுப்பதற்குப் பதிலாக மனசாட்சியை அறுக்கப் பயன்பட்டன. பின்னாளில் அந்தச் சமய அமைப்புகளே இதை உணர்ந்தன. சோட்டோ ஜென் பிரிவினர் 1992-இல் தங்கள் கடந்தகாலச் செயல்களுக்காக வெளிப்படையாக வருந்தினர். ரின்சாய் மரபின் மியோஷின்-ஜி மடமும் 2001-இல் மன்னிப்புக் கோரியது. துறவிகள் தங்கள் மரபின் துருவை மறைக்காமல் ஏற்றுக்கொண்ட செயல் அது.

பகவத் கீதையில் ஞானம் ஒரு வாளாகப் பேசப்படுகிறது. இதயத்தில் குடிகொண்ட அறியாமையால் பிறந்த ஐயத்தை அறுக்க வேண்டியது அந்த வாள். அது வெளியே திரும்பினால் எத்தகைய தத்துவமும் கொலைக்கு உடந்தையாகிவிடும். எந்த நாட்டுச் சமயத்துக்கும், எந்தக் காலத்துச் சாதகனுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

அடைக்கலம் காக்கும் முறை

மீண்டும் அந்தத் தவசியிடம் வருவோம். அவர் எங்கே தவறினார்? வாளைப் பெற்றுக்கொண்டதில் தவறில்லை. காத்ததிலும் தவறில்லை. அதை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தால் ஒரு கணமும் பிரியாமல் சுமந்தார், அங்கேதான் தவறினார். உரியவன் வந்து கேட்டால் கொடுத்துவிடலாம் என்று அதை ஓர் ஓரத்தில் வைத்திருந்தால் அவரது தவம் கெட்டிருக்காது. இழப்பின் அச்சம் எங்கே புகுகிறதோ, அங்கே காவல் முடிந்து உடைமை தொடங்குகிறது. தகுவான் சொன்னதும் இதுவே. அந்தத் தவசியின் மனம் வாளில் நின்றுவிட்டது.

ஸ்ரீராமர் சீதையின் அன்பான அறிவுரையைப் பாராட்டினார். ஆனால் வில்லைக் கீழே வைக்கவில்லை. அரக்கரால் துன்புற்ற முனிவர்கள் அவரிடம் சரண் புகுந்திருந்தனர். அவர்களைக் காப்பதாக வாக்களித்திருந்தார். அவரது வில்லுக்குப் பிறரைக் காக்கும் கடமை இருந்தது. தவசியின் வாளுக்கோ அதைக் காப்பதைத் தவிர வேறு கடமை இல்லை. பொருள் தனக்காகவே காக்கப்படும்போது அது காப்பவரை விழுங்குகிறது. பிறருக்காகக் காக்கப்படும்போது அவரைத் தூய்மையாக்குகிறது.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், போர்வாளை வைத்திருப்பவரின் கடமைகள் தெளிவாகின்றன. முதலாவது, அதன் உண்மையை முழுமையாக அறிய முயல்வது. யார் செய்தது, யார் அணிந்தது, எவ்வாறு வந்தது என்பனவற்றைப் பெருமைக்குரியவை, வெட்கத்துக்குரியவை என்று பிரிக்காமல் எழுதிவைக்க வேண்டும். தந்தை கொண்டுவந்த வாளைப் பரணில் காணும் மகன், அதை விற்கும் முன் அந்தச் சீட்டைப் படிக்கச் செய்வது இந்தக் கடமையின் தொடக்கம். இரண்டாவது, சிதைக்காமல் காப்பது. சீட்டை அறுத்து எறியாமலும், துருவைத் தேய்க்காமலும், அறியாமல் தீட்டி அழகுபடுத்தாமலும் இருப்பது.

மூன்றாவது கடமையே அரியது: உரியவருக்கு விட்டுக்கொடுக்கும் மனத்தோடு இருப்பது. வாளுக்கு உரிய குடும்பத்தைத் தேடி ஒப்படைத்தவர்கள் உண்டு. தந்தையோ பாட்டனாரோ போரிலிருந்து திரும்பாத வீட்டில் அவரைச் சார்ந்த ஒரே பொருளாக அது அமைந்துவிடுவதும் உண்டு. சிலர் அதை ஏற்க விரும்பாமலும் இருக்கலாம். அந்த மறுப்பையும் மதிக்க வேண்டும். சட்டத்தால் திரும்ப முடியாத வாளாயின் அதன் நிழற்படத்தையும் சீட்டின் செய்தியையும் அனுப்பலாம். வாளை அதன் முழு வரலாற்றோடு ஓர் அருங்காட்சியகத்திடம் சேர்க்கலாம். வழி எதுவாயினும், "இது என்னுடையது" என்ற பிடி தளர்வதே முக்கியம்.

ஸ்ரீராமகிருஷ்ணர் ஓர் உவமை கூறுவார். இரும்பு வாள் ஸ்பரிசமணியைத் தொட்டால் பொன்னாகிவிடும். வாளின் வடிவம் அப்படியே இருக்கும்; ஆனால் அதனால் எவருக்கும் தீங்கு நேராது. இறையுணர்வு பெற்றவரிடம் அகந்தையின் வடிவம் மட்டும் எஞ்சியிருக்கும் நிலையை விளக்க அவர் கூறிய உவமை இது. போரில் பிறந்த வாள் ஒன்றை இன்று பாதுகாப்பவருக்கும் அது வழிகாட்டும். வாளின் வடிவத்தை மாற்ற வேண்டியதில்லை. அதன் வரலாற்றை மறைக்கவும் வேண்டியதில்லை. அதைத் தொடும் மனம் பற்றின்றி, இரக்கத்தோடு தொடுமாயின், ஒருகாலத்தில் அச்சத்தைப் பரப்பிய இரும்பு இரு நாட்டு மக்களிடையே துயரத்தின் பொதுமொழியாகிவிடும்.

தவசியின் கையில் இந்திரன் வைத்த வாள் திரும்பிச் சென்றதாகக் கதை சொல்லவில்லை. ஒவ்வொரு மனிதரின் கையிலும் ஏதேனும் ஓர் அடைக்கலப் பொருள் இருக்கிறது. அது வாளாக இருக்கலாம், செல்வமாக, கல்வியாக, பதவியாக இருக்கலாம். உரியவன் ஒருநாள் வந்து கேட்பான். அப்போது தயக்கமின்றி நீட்டும் கையைப் பழக்கிக்கொள்வதே சாதனை.